நொடித்துப்போன பிரபுக்களா, உரிமம் வாங்கிய விடுதிக்காரர்களா? சட்பரி ஹவ் குடும்பத்தின் கதை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனிலிருந்து மேற்கே ஏறத்தாழ 32 கிலோமீட்டர் போனால் சட்பரி என்ற சிற்றூர் வரும். அங்கே ‘லாங்ஃபெலோஸ் வேய்சைட் இன்’ என்ற பழைய விடுதி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்கா தன் 250ஆம் ஆண்டைக் கொண்டாடும் நேரம் என்பதால் இதுபோன்ற இடங்களின் பெயர் அதிகம் அடிபடுகிறது. ஆனால் இந்த விடுதியைப் பற்றி நாலு இடத்தில் படித்தால் நாலு கணக்கு கிடைக்கும். 1716 முதல் நடக்கும் விடுதி, நாட்டிலேயே பழையது என்பது ஒன்று. வீடு கட்டியது 1702 என்பது இன்னொன்று. பழைய பெயர்ப்பலகையில் 1686 என்றிருந்தது. 1862இல் வந்து பார்த்த கவிஞர் லாங்ஃபெலோ, இருநூறு ஆண்டுப் பழைய கட்டடம் என்று நாட்குறிப்பில் எழுதினார். கூடவே ஒரு கதையும் உண்டு: விடுதியைத் தொடங்கிய ஹவ் குடும்பம் இங்கிலாந்துப் பிரபு வம்சமாம், சொத்தை இழந்து, வேறு வழியில்லாமல் விடுதி நடத்த இறங்கியதாம்.

தேதிக் குழப்பத்தைத் தீர்ப்பது எளிது. அந்தப் பிரபு கதைதான் விடாப்பிடியானது. விடுதி நடத்துவது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் இருந்தால்தான் அந்தக் கதை நம்பும்படி இருக்கும். 1700களின் மாசசூசெட்ஸில் நிலைமை அப்படியே தலைகீழ். அதிலிருந்து தொடங்குவோம்.

உரிமம் என்ற நற்சான்று

ஆங்கிலேயக் குடியேற்றத்தின் தொடக்க காலத்தில் பொதுச் சாப்பாட்டு, தங்கல் இடத்துக்கு ‘ஆர்டினரி’ என்று பெயர். பிறகு ‘டேவர்ன்’ என்ற பெயர் ஓங்கியது. வழிப்போக்கருக்குச் சாப்பாடு, படுக்கை, குதிரைக்குப் புல், தானியம், எல்லாருக்கும் மது என்று நான்கையும் தரவேண்டிய இடம் அது. மதுவை மட்டும் விற்றுவிட்டுக் கதவடைக்க முடியாது.

கடும் ஒழுக்கம் பேணிய கிறிஸ்தவப் பிரிவினரான பியூரிட்டன்களின் அரசுக்கு இதில் இரண்டு மனம். குடியைக் கண்டு பயம், ஆனால் விடுதி இல்லாமல் பயணம் கிடையாது, வியாபாரம் கிடையாது, நீதிமன்றத்துக்குச் சாட்சிகூட வந்து சேர முடியாது. 1634இலேயே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆறு பென்ஸ், தனியாகக் குடிக்கும் ஒரு குவார்ட் பீருக்கு ஒரு பென்னி என்று விலைக்கு உச்சவரம்பு வைத்தார்கள். 1656இல் இன்னும் ஒரு படி போய், விடுதி வைக்காத ஊருக்கு அபராதம் என்று சட்டமே போட்டார்கள். விடுதி என்பது ஊர் செய்துதர வேண்டிய பொது வசதி. அதை நடத்துபவர் தனியார், ஆனால் அவர் கழுத்தில் அரசின் கயிறு.

உரிமம் கிடைக்கும் வழி இப்படி:

1. ‘செலக்ட்மென்’ எனப்பட்ட ஊர் நிர்வாகிகள் பரிந்துரைக்க வேண்டும். அவர்களுக்குப் பிடிக்காதவர் விடுதி நடத்த முடியாது.

2. கவுன்ட்டி நீதிமன்றம் உரிமம் தரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

3. ஒழுங்காக நடத்துவேன் என்பதற்குப் பிணைத்தொகையும் ஜாமீன்தாரரும் வேண்டும்.

4. பகடை, சீட்டாட்டம் கூடாது. எசமானின் அனுமதியில்லாமல் வேலைக்காரருக்கும் தொழில் பழகும் பையன்களுக்கும் ஊற்றக் கூடாது. குடித்தே கெட்டவர்கள் என்று நிர்வாகிகள் எழுதிக் கொடுக்கும் பெயர்ப் பட்டியலை விடுதிச் சுவரில் ஒட்டி, அவர்களுக்கு விற்காமல் இருக்க வேண்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். நிலம் இல்லாதவர், ஊரில் பேர் இல்லாதவர், ஜாமீனுக்கு ஆள் இல்லாதவர் யாரும் இந்தத் தொழிலுக்குள் நுழைய முடியாது. விடுதி உரிமம் கையில் இருந்தாலே அவர் ஊர்ப் பெரியமனிதர்களில் ஒருவர் என்று அர்த்தம். உரிமம் பெரும்பாலும் ஆண் பெயரில் இருக்கும், ஆனால் கணவன் இறந்தால் விதவைக்கு மாற்றிக் கொடுப்பதும் சகஜம். ஏற்கெனவே சமையலும் படுக்கையும் கணக்கும் அவள் கையில்தானே இருந்தன!

இன்னொரு விளைவும் உண்டு, வம்சாவளி தேடுபவர்களுக்கு வேண்டியது. சாதாரண உழவர் பிறப்பு, திருமணம், நிலப்பத்திரம், உயில் என்று நாலைந்து காகிதங்களில்தான் தென்படுவார். விடுதிக்காரர் இவற்றோடு நீதிமன்ற உரிமப் பதிவுகளிலும், வழிப்போக்கரின் நாட்குறிப்புகளிலும், ஊர்ப்படைப் பட்டியலிலும் தட்டுப்படுவார். ஹவ் குடும்பத்தை நாம் இவ்வளவு தூரம் தொடர முடிவது அதனால்தான்.

தாத்தா ஜான்: பூசணிக்காய் வழக்கு

குடும்பத்தின் முதல் அமெரிக்கர் ஜான் ஹவ். 1640 வாக்கில் சட்பரியில் இருந்தவர், 1650களின் கடைசியில் மேற்கே இன்னும் உள்ளே போய், பின்னாளில் மார்ல்பரோ என்று பெயர் பெற்ற இடத்தில் குடியேறினார். அங்கே அவர் 1661 வாக்கில் விடுதி நடத்தத் தொடங்கிவிட்டார். இந்த ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவர் குடியேறிய இடத்துக்குப் பக்கத்திலேயே கிறிஸ்தவர்களான பூர்வகுடி மக்களின் ஊர் ஒன்று இருந்தது. அவர்களுக்குள் தகராறு வந்தால் ஜானிடம் வருவார்கள் என்று மார்ல்பரோவில் ஒரு கதை வழங்குகிறது. ஒருவர் நிலத்தில் முளைத்த பூசணிக்கொடி வேலி தாண்டிப் பக்கத்து நிலத்தில் காய்த்துவிட்டது. காய் யாருக்கு? ஜான் ஒரு கத்தி கேட்டு வாங்கி, காயைச் சரிபாதியாக வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுத்தாராம். நம் மரியாதை ராமன் கதைகளில் ஒன்றைப்போல இருக்கிறது. நடந்ததோ இல்லையோ, இது குடியேறியவர்கள் சொல்லிக்கொண்ட கதை என்பதை மறக்கக் கூடாது. 1675-76இல் பூர்வகுடிகளுக்கும் குடியேறியவர்களுக்கும் நடந்த ‘கிங் ஃபிலிப் போர்’ அந்தப் பூர்வகுடி ஊரையே இல்லாமல் ஆக்கியது. அங்கிருந்தவர்கள் சந்தேகத்தின் பேரில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். நிலம் பிறகு யாரிடம் போனது என்று சொல்லத் தேவையில்லை. ஜானின் குடும்பத்துக்கும் அந்தப் போரில் அடி விழுந்தது. அவருடைய மூத்த மகன் ஜான் 1676இல் சட்பரியில் கொல்லப்பட்டார்.

பெரியவர் ஜான் 1680இல் இறந்தார். உயிலில் மகன் தாமஸுக்கு, அவன் குதிரைப்படைக்கு ஏறிப்போகும் அந்தக் குதிரையை எழுதிவைத்தார். சொந்தக் குதிரையோடு படைக்குப் போவது அன்றைக்கு எல்லாராலும் முடிந்த காரியம் இல்லை. விடுதிக்காரர் வீட்டின் வசதிக்கு அந்த ஒரு வரியே போதும்.

டேவிட்: இரண்டு அறை வீடு விடுதியானது

ஜானின் இன்னொரு மகன் சாமுவேல் சட்பரியிலேயே தங்கினார். நிலம் வாங்குவது, விற்பது, பிரித்துக் கொடுப்பது என்று கெட்டிக்காரர். அவருடைய மகன் டேவிட் 1674இல் பிறந்தார். 1700இல் ஹெப்சிபாவை மணந்தார். தகப்பன் 130 ஏக்கர் நிலம் கொடுத்தார். 1702 வாக்கில் அதில் டேவிட் ஒரு வீடு கட்டினார். கீழே ஓர் அறை, அதன் மேலே ஓர் அறை, அவ்வளவுதான். பிள்ளைகள் பெருகப் பெருக வீடும் பெருகியது.

நிலம் அமைந்த இடம்தான் அதிர்ஷ்டம். பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே 1673இல் முதல் தபால்காரர் குதிரையில் போன பாதை, பின்னர் ‘பாஸ்டன் போஸ்ட் ரோடு’ என்று பெயர் பெற்றது. டேவிட்டின் வீடு அந்தச் சாலையிலேயே இருந்தது. பாஸ்டனிலிருந்து காலையில் கிளம்பினால் பொழுது சாய்கிற நேரத்தில் குதிரையும் ஆளும் களைத்து நிற்கும் தூரம். வாசலில் வந்து இரவுக்கு இடம் கேட்பவர்கள் உரிமம் வாங்குவதற்கு முன்பே இருந்திருப்பார்கள்.

1716இல் டேவிட் முறைப்படி உரிமம் வாங்கினார். அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் நீதிபதி சாமுவேல் சீவல் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போகும் வழியில், பொழுது சாய அரைமணி இருக்கையில் சட்பரி ஹவ் வீட்டை அடைந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1692இல் சேலம் சூனியக்காரி வழக்குகளில் தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர் அவர். பிறகு 1697இல் தேவாலயத்தில் எழுந்து நின்று தன் பழியை ஏற்றுக்கொண்டவரும் அவரே. அப்படிப்பட்டவர் இறங்கும் வீடு என்றால், உழவர் வீட்டுத் திண்ணை வியாபாரம் இல்லை என்று புரியும்.

இங்கே சின்னக் கணக்கு. டேவிட்டின் தாத்தா 1661 வாக்கிலேயே விடுதி நடத்தியவர். பேரன் செய்தது குடும்பத் தொழிலைச் சாலையோரம் இன்னொரு கிளையாக வைத்தது. சொத்திழப்பு இதில் எங்கே வந்தது?

உள்ளே என்ன நடந்தது

டேவர்னின் உயிர் அதன் பார் அறை. ஒரு மூலையில் மரக்கம்பி அடைப்பு. ராத்திரி அதை இறக்கிப் பூட்டினால் சரக்குக்குக் காவல். எதிரே பெரிய கணப்பு. குளிர்காலத்தில் அதிகம் விற்றது ‘ஃப்ளிப்’ என்ற பானம். அதன் செய்முறை இது: பெரிய குவளையில் மூன்றில் இரண்டு பங்கு கடும் பீர். இனிப்புக்குச் சர்க்கரையோ, மொலாசஸ் பாகோ, அதுவும் இல்லாவிட்டால் உலர்த்திய பூசணியோ. மேலே ஒரு வீச்சு ரம். பிறகு கணப்பில் செக்கச் செவேலென்று காய்ந்திருக்கும் நீண்ட இரும்புக் கோலை எடுத்து அப்படியே குவளைக்குள் விடுவார்கள். பானம் சீறிக்கொண்டு நுரைத்துப் பொங்கும். இரும்பில் பட்டுச் சர்க்கரை கருகிய அந்தக் கசப்புக்குத்தான் ஆள்கள் காசு கொடுத்தார்கள்.

அந்த ரம்முக்கு வேண்டிய மொலாசஸ் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைப்பில் வந்தது. மாசசூசெட்ஸிலேயே 1780களின் தொடக்கத்தில் நீதிமன்றத் தீர்ப்புகள் வரும்வரை அடிமைமுறை சட்டப்படி இருந்தது, வசதியான விடுதிகளில் அவர்கள் உழைப்பும் இருந்தது. கணப்பு ஓரக் கதைகளில் இது அவ்வளவாக வருவதில்லை.

சாப்பாடு எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே சமையல். படுக்கை என்றால் தனிப் படுக்கை என்று அர்த்தமில்லை. முன்பின் தெரியாத இரண்டு மூன்று பேர் ஒரே கட்டிலைப் பகிர்வது சாதாரணம். மற்றபடி ஊர்ப்படைப் பயிற்சி முடிந்து கூடுவது, ஏலம், நிலப் பேச்சுவார்த்தை, பாஸ்டன் செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது, எல்லாம் இங்கேதான். விடுதிக்காரருக்கு ஊரில் எவன் கடன்பட்டிருக்கிறான், எவன் நிலம் விற்கப்போகிறான் என்பது மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். குடும்பத்தின் வளர்ச்சியில் பீர் விற்ற லாபத்துக்கு எவ்வளவு பங்கோ, இந்தத் தகவலுக்கும் அவ்வளவு பங்கு உண்டென்று எனக்குத் தோன்றுகிறது.

எசேக்கியேல்: செங்குதிரைப் பலகை

டேவிட்டின் மகன் எசேக்கியேல் 1720இல் பிறந்தார். 1746இல் விடுதியைக் கையில் எடுத்தார். தகப்பன் 1759 வரை உயிரோடு இருந்தார். எசேக்கியேல் காலத்தில்தான் விடுதிக்குச் ‘செங்குதிரை’ என்ற அடையாளம் நிலைத்தது. எழுத்தறியாதவனும் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறவனும் தூரத்திலேயே கண்டுகொள்ளப் படம் போட்ட பலகை வேண்டும்.

1775 ஏப்ரல் 19, அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய நாள். பிரிட்டிஷ் படை ஆயுதக் கிடங்கைத் தேடிக் கன்கார்டுக்குக் கிளம்பிவிட்டது என்ற செய்தி விடியற்காலையில் சட்பரிக்கு வந்தது. அந்த ஊரிலிருந்து அன்று முன்னூறுக்கும் மேற்பட்டோர் கிளம்பினார்கள். படையின் லெப்டினன்ட் கர்னல் எசேக்கியேல் ஹவ். வயது ஐம்பத்தைந்தை ஒட்டியிருக்கும். கன்கார்டின் தெற்குப் பாலம் பிரிட்டிஷ் வசம் இருந்ததால் சுற்றிக்கொண்டு வடக்குப் பாலத்துப் பக்கம் போனார்கள். அங்கே துப்பாக்கி வெடித்த பிறகு பாஸ்டன் வரை துரத்தல். சட்பரியைச் சேர்ந்த ஜோசையா ஹெய்ன்ஸ் என்ற தேவாலயப் பெரியவர் அன்று கொல்லப்பட்டார். அவருக்கு வயது 79.

விடுதிக்காரர் ஏன் தளபதி? தற்செயல் இல்லை. அதே நாளில் லெக்சிங்டனில் வீரர்கள் கூடி நின்றது பக்மன் டேவர்னில். அங்கே இன்னொரு டேவர்னின் உரிமையாளரான வில்லியம் மன்றோ ஊர்ப்படையில் சார்ஜென்ட். ஊரைத் திரட்டும் இடமும், திரட்டத் தெரிந்த ஆளும் டேவர்னில்தான் இருந்தார்கள். படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும்போது வாக்களித்ததும், பயிற்சி முடிந்து தாகம் தீர்த்ததும் ஒரே ஆட்கள்.

ஒரு வேடிக்கையும் உண்டு. அடுத்த மாதம் பாஸ்டனில் வந்திறங்கி, ஜூனில் பங்கர் ஹில் தாக்குதலை நடத்தி, அக்டோபரில் பிரிட்டிஷ் படைத்தலைமையை ஏற்ற ஜெனரலின் பெயர் வில்லியம் ஹவ். இங்கிலாந்து ஹவ் பிரபுக்களோடு உறவு சொல்லிக்கொள்ள அந்த ஆண்டு அவ்வளவு வசதியான ஆண்டு இல்லை.

‘ஜார்ஜ் வாஷிங்டன் இங்கே தங்கினார்’ என்று சொல்லாத பழைய விடுதி நியூ இங்கிலாந்தில் அபூர்வம். குடியரசுத் தலைவராக 1789 அக்டோபர் 23 அன்று இந்தச் சாலை வழியே அவர் போனது உண்மை. ஆனால் மதியச் சாப்பாடு மார்ல்பரோவில், இரவுத் தங்கல் வெஸ்டனில் என்று அவரே குறித்துவைத்திருக்கிறார். சட்பரி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

தொழில் ஓய்ந்தது எப்படி

எசேக்கியேல் 1796இல் இறந்தார். மகன் ஆடம் (1763–1840), அவருக்குப் பின் பேரன் லைமன் (1801–1861). ஆடம் காலத்தின் முற்பகுதி நல்ல காலம். 1783இல் லீவை பீஸ் என்பவர் பாஸ்டனுக்கும் ஹார்ட்ஃபோர்டுக்கும் இடையே ஸ்டேஜ்கோச் என்ற பயணிகள் குதிரை வண்டி ஓட்டத் தொடங்கியிருந்தார். வண்டி நிற்கும் இடமெல்லாம் வியாபாரம். பிறகு அடிமேல் அடி:

1. சாலை விலகியது. 1806இல் அனுமதி பெற்ற பாஸ்டன்–வுஸ்டர் சுங்கச்சாலை, மேடு பள்ளம் பார்க்காமல் தெற்கே ஃப்ரேமிங்ஹாம் வழியே நேர்கோடாகப் போனது. அவசரக்காரர்கள் எல்லாரும் அந்தப் பக்கம்.

2. ரயில் வந்தது. 1835இல் பாஸ்டன்–வுஸ்டர் ரயில்பாதை முழுதாகத் திறந்தது. அதுவும் ஃப்ரேமிங்ஹாம் வழி. ஒரு பகல் எடுத்த பயணம் சில மணி நேரமானதும், நடுவழியில் படுக்கை தேடுபவர் யார்?

3. மதுவிலக்கு இயக்கம் வலுத்தது. 1838இல் மாசசூசெட்ஸ் அரசு 15 காலனுக்குக் குறைவாக மதுச்சாரம் விற்கத் தடை விதித்தது. பணக்காரன் பீப்பாயாக வாங்கிக்கொள்ளலாம், ஏழை ஒரு கோப்பை வாங்க முடியாது என்று எதிர்ப்புக் கிளம்பி 1840இல் அது விலக்கப்பட்டது. 1852இல் முழுத் தடையே வந்தது. பார் அறையை நம்பிய தொழில் பிறகு எப்படி நிமிரும்?

4. வாரிசு இல்லை. இதைச் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். ஆடமுக்கும் ஜெருஷா பால்கமுக்கும் பிறந்த மகள் ஜெருஷா (1797–1842) மணம் செய்துகொள்ளவில்லை. பியானோ வாசிப்பவர். அந்த ஊரில் அதுவே முதல் பியானோ என்பார்கள். கடல் கடந்து போன ஆங்கிலக் காதலனுக்காகக் காத்திருந்தார், இன்றும் ஆவியாக அலைகிறார் என்றெல்லாம் சொல்லப்படுவதற்குப் பத்திரச் சான்று எதுவும் கிடையாது. பியானோ பற்றிய செய்திதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரண்டு அறை வீட்டில் தொடங்கியவர்களின் கொள்ளுப்பேத்தி வரவேற்பறையில் பியானோ வாசித்தார் என்றால், குடும்பம் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா?

ஜெருஷாவின் தம்பி லைமனும் மணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் சிறு வழக்குகளைப் பார்க்கும் ‘அமைதி நீதிபதி’, வானியலில் ஆர்வம் உள்ளவர், கனவான் தோரணை. 1861இல் அவர் இறந்ததும் சொத்து உறவினர் கைக்குப் போனது. விடுதித் தொழில் நின்றது. வீட்டில் கூலியாட்கள் குடியிருந்தார்கள். கூடத்தை நடனத்துக்கு வாடகைக்கு விட்டார்கள்.

தேதிகளை இப்போது சரிபார்ப்போம்

பழைய பலகையின் ஒரு பக்கம் குதிரை. மறுபக்கம் விடுதிக்காரர்களின் பெயர்முதலெழுத்தும் ஆண்டும்: டேவிட்டுக்கு 1686, எசேக்கியேலுக்கு 1746, ஆடமுக்கு 1796. பின்னிரண்டும் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகின்றன. முதலாவது ஒத்துப்போகாது. 1686இல் டேவிட்டுக்கு வயது 12. உரிமம் இருக்கட்டும், அந்த வயதில் சொந்த வீடே கிடையாது. பேரன் காலத்தில் யாரோ கேள்வி ஞானத்தில் எழுதிய ஆண்டாக இருக்க வேண்டும். பலகை எழுதுபவர் பத்திரம் பார்த்து எழுதுவதில்லை.

இந்தக் காலத்துத் தேதிகளைப் பார்க்கும்போது இன்னொரு எச்சரிக்கை. 1752 வரை ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் புத்தாண்டு மார்ச் 25. ஆகவே ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதப் பிறப்பு, இறப்புகள் ஒரே பதிவை நம்பிய இரண்டு நூல்களில்கூட ஓராண்டு வித்தியாசத்தோடு வரும். அதை வைத்து இரண்டு வெவ்வேறு ஆட்கள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

பிரபு கதை எங்கிருந்து வந்தது

1862இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. மார்ல்பரோவின் வரலாறு ஒன்று அச்சானது. அதில் குடியேறிய ஜான் ஹவ், இங்கிலாந்தின் வாரிக்‌ஷரைச் சேர்ந்த ஒரு கனவானின் மகனாக இருக்கலாம், முதலாம் சார்லஸ் காலத்து ‘லங்காஸ்டர் பிரபு சார்லஸ் ஹவ்’ குடும்பத்தோடு தொடர்புடையவராம் என்று எழுதப்பட்டது. அச்சில் வந்துவிட்டால் அப்புறம் கேட்க வேண்டுமா, வம்சாவளி நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிக்கொண்டன. லங்காஸ்டர் பட்டம் 1399இல் நான்காம் ஹென்றி அரசரானபோதே அரச குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. 1600களில் ஹவ் என்ற பெயரில் அதற்கு ஒரு பிரபு இருக்க வழியே இல்லை.

அதே 1862 அக்டோபர் 31 அன்று லாங்ஃபெலோ தன் பதிப்பாளரோடு வந்து அந்த வீட்டைப் பார்த்தார். அப்போது லைமன் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. வீடு சிதிலம். ஆனால் அந்த வீட்டுச் சுவரில் ஹவ் குலச்சின்னம் மாட்டியிருந்த செய்தி அவருக்கு எட்டியிருந்தது. சட்பரியில் கோடையைக் கழித்த நண்பர்கள் லைமனைப் பற்றிச் சொல்லியிருந்தார்கள். அடுத்த ஆண்டு வெளிவந்த கதைக்கவிதைத் தொகுப்பில், இந்த விடுதியின் கணப்பைச் சுற்றி நண்பர்கள் உட்கார்ந்து ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். விடுதிக்காரர் சொல்வதுதான், பிரிட்டிஷ் படை வருகிறது என்று 1775இல் இரவோடு இரவாக எச்சரிக்கப் போன பால் ரெவியரின் குதிரைச் சவாரி. தொகுப்புக்கு முன்பே 1861 தொடக்கத்தில் ஓர் இதழில் தனியாக வந்த பாட்டு அது. அதில் ரெவியர் கன்கார்டுக்கே போய்ச் சேர்ந்துவிடுகிறார். உண்மையில் வழியிலேயே பிரிட்டிஷ் வீரர்களிடம் சிக்கிக்கொண்டார்.

தொகுப்பு வெளிவந்தபின் 1863 டிசம்பரில் இங்கிலாந்து நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் லாங்ஃபெலோ, ஹவ் குடும்பம் நாட்டுப்புற மாளிகையாக இதைக் கட்டியதாகவும், செல்வம் போனதால் விடுதிக்காரர்கள் ஆனதாகவும் விளக்கினார். நல்ல எண்ணத்தில் எழுதியதுதான். ஆனால் வரிசை தலைகீழ். சுவரில் சின்னம் மாட்டும் வசதியும் ஆசையும் விடுதிப் பணத்தில் வந்தவை. 1800களில் நியூ இங்கிலாந்தில் கொஞ்சம் கைநிமிர்ந்த குடும்பங்கள் பலவும் ஒரு குலச்சின்னத்தை ஓவியரிடம் எழுதி வாங்கி மாட்டிக்கொண்டன. பெயர் ஒத்துப்போனால் போதும் என்பதே கணக்கு.

பெருமைப்பட வேறு உறவு உண்மையிலேயே இருந்தது. 1846இல் தையல் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்ற எலியாஸ் ஹவ் அதே ஜான் ஹவ்வின் வழி வந்தவர்.

1716 என்ற உரிமைகோரல் நிற்குமா

1897இல் எட்வர்ட் லெமன் என்ற கம்பளி வியாபாரி வீட்டை வாங்கி, கவிதையின் புகழை நம்பி மறுபடி விடுதியாக்கினார். இப்போதுள்ள பெயர் அவர் வைத்தது. 1923இல் கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டு வாங்கினார். சுற்றிலும் நிலத்தை வளைத்துப்போட்டு, மாவு மில், தேவாலயம் என்று கட்டி, ஸ்டெர்லிங் ஊரிலிருந்து ஒரு பழைய பள்ளிக்கூடத்தைப் பெயர்த்து வந்து நிறுத்தினார். ‘மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்’ பாட்டில் மேரியின் பின்னால் ஆட்டுக்குட்டி போன பள்ளிக்கூடம் அதுதான் என்று அவர் நம்பினார். அந்தப் பாட்டை 1830இல் வெளியிட்டவர் சாரா ஹேல், அவர் நியூ ஹாம்ப்ஷர்க்காரர். இந்த வீட்டைத் தொட்டவர்களுக்கெல்லாம் ஆதாரத்தைவிடக் கதை மீது பிரியம் அதிகம் போலிருக்கிறது. 1955 டிசம்பரில் தீப்பிடித்து வீட்டின் பெரும்பகுதி எரிந்தது. ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு சீரமைத்து 1958இல் திறந்தார்கள். இப்போது அது லாபநோக்கற்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது.

ஆக, 1716 என்பது உரிமம் கிடைத்த ஆண்டு என்ற அளவில் சரி. ‘தொடர்ந்து நடக்கும்’ என்று சேர்த்துச் சொல்பவர்கள் 1861 முதல் 1897 வரையிலான 36 ஆண்டுகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், தீ விபத்துக்குப் பின் கதவு மூடியிருந்த காலத்துக்கும் சேர்த்து.